இருபதாம் நாள் சோதனை

அக்கா என்னை 'டாக்டர்' என்று கூப்பிட்டால் கிண்டல். 'டாக்டரம்மா' என்றால் பயந்துபோயிருக்கிறாள் என்று அர்த்தம். அன்று காலை போனில் 'டாக்டரம்மா' என்றாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவளுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

அவள் நடத்துவது கோழிக்குஞ்சு பொரிப்பகம். ஆள் உயரப் பெட்டிகளுக்குள் நாலாயிரம் முட்டைகள். சூடு, ஈரம், விசிறி எல்லாவற்றையும் மூலையில் இருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர்தான் ஆட்டிவைக்கிறது. கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். பதினோரு வருடமாக அதை யாரும் அணைத்ததில்லை. இப்போது அதன் ஹார்ட் டிஸ்க் டக், டக் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

"போன ஈடு மொத்தமும் கூழ்முட்டை. இதுவும் போச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான்" என்றாள். குரலில் அழுகை இல்லை.

"ஸ்டார்ட்அப் டிஸ்க் ஒண்ணு போட்டு வச்சுக்கலாம். இது படுத்துட்டா ஃப்ளாப்பியைச் சொருகி எழுப்பிடலாம்" என்றேன்.

நான் கொண்டுபோன ஏழு ஃப்ளாப்பிகளில் ஆறு பூஞ்சை பிடித்திருந்தன. ஏழாவது தப்பித்தது. கம்ப்யூட்டரை எழுப்பத் தேவையானவற்றை அதில் ஏற்றினேன். பொரிப்பானை ஓட்டும் புரோகிராமுக்கு அதில் இடமில்லை. அதை மறுநாள் புது ஃப்ளாப்பிகள் வாங்கிவந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அத்தோடு கிளம்பியிருக்க வேண்டும். நான் கிளம்பவில்லை.

"அணைச்சுட்டுப் போட்டுப் பார்த்துடறேன்."

அக்கா சட்டென்று என் கையைப் பிடித்தாள். "வேணாம்டி. இன்னைக்கு இருபதாவது நாள். நாளைக்குக் குஞ்சு வெளிய வந்துரும். ஒரே ஒரு நாள் பொறு."

"சோதிக்காத டிஸ்க்கை நம்பி வீட்டுக்குப் போய் நீ தூங்குவியா? பத்து செகண்ட் வேலை. தொழில் தெரிஞ்சவ நானா, நீயா?"

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். சின்ன வயதிலிருந்தே அவளை வாதத்தில் ஜெயித்துத்தான் பழக்கம். அவள் கையை எடுத்துவிட்டாள்.

அணைத்தேன். பத்து எண்ணினேன். போட்டேன்.

ஃப்ளாப்பி கரகரவென்று சுற்றியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. "பார்த்தியா! எழுந்துடுச்சு!" என்று அவள் தோளில் தட்டினேன். அவளும் சிரித்துவிட்டாள். எத்தனை நாளுக்குப் பிறகோ அப்படிச் சிரித்தாள்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் போகக் கட்டளை கொடுத்தேன். அப்படி ஒன்று இல்லை என்றது திரை. மறுபடி கொடுத்தேன். இல்லை. மூடியைக் கழற்றி டிஸ்க்கின் மேல் விரலை வைத்தேன். அசைவே இல்லை. டக், டக் என்ற சத்தமும் நின்றிருந்தது. வருடக்கணக்காக நிற்காமல் சுற்றும் பழைய டிஸ்க்கை நிறுத்தினால் அது திரும்பச் சுற்றாமலே போகலாம். இது எனக்குத் தெரியும். வருகிற ஒவ்வொருவருக்கும் நானே சொல்லியிருக்கிறேன்.

தட்டினேன், குலுக்கினேன், அணைத்து அணைத்துப் போட்டேன். ஃப்ளாப்பி மட்டும் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எழுந்தது.

"ஃபேன் ஏன் இன்னும் ஓடல?" என்றாள் அக்கா.

ஓட்டுகிற புரோகிராம் அந்தச் செத்த டிஸ்க்குக்குள் கிடந்தது. விற்ற கம்பெனியை மூடி வருடங்கள் ஆகின்றன. பெட்டியைத் திறந்தால் வெளியே மழைக் குளிர், மூடினால் உள்ளே குஞ்சுகளுக்கு மூச்சு முட்டும். அக்கா திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

அப்புறம் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"டாக்டரம்மா, இங்க வா."

பக்கத்தில் போனேன். விசிறிகள் நின்றுபோன அந்த அறையில், ஒரு ஓடுகூட இன்னும் உடையாத முட்டைகளுக்குள்ளிருந்து, மெல்லியதாக, நூற்றுக்கணக்கில், கீச் கீச் என்று கேட்டது.