நீலராணி தென்காசிக்கு வந்த வருஷம்

1959ஆம் வருஷம் ஆனி மாதம் எட்டாம் தேதி காலை, செங்கோட்டை பாசஞ்சரில் நீலராணி தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். உச்சி முதல் பாதம் வரை அவளுடைய வலப்பக்கம் மாநிறமாகவும் இடப்பக்கம் செத்தவர்களின் நீலமாகவும் இருந்தது. அவளிடம் அரை டிக்கெட்தான் இருந்தது. உயிரோடு இருப்பது பாதிதான் என்பதால் அது சரியாகத்தான் இருக்கும் என்று டிக்கெட் பரிசோதகர் விட்டுவிட்டார். அவள் படம் வரைகிற நம்பிராஜன் வீட்டுக்கு வழி கேட்டாள்.

நம்பிராஜன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர். நான்கு வருஷத்துக்கு முன் மதுரையில் ஒரு பதிப்பகத்தார், நார்வே தேசத்துப் பழைய புராணத்தைச் சித்திரக்கதையாக மாதம் ஒரு புத்தகம் போடுவதற்கு அவரை அழைத்துப் போனார்கள். படமும் அவருடையது, வசனமும் அவருடையது. அந்தப் புராணப்படி சண்டையில் செத்தவர்கள் தேவர்களோடு விருந்துக்கு உட்காருவார்கள். காய்ச்சலிலும் இருமலிலும் கிடந்து செத்தவர்கள் பூமிக்கடியில் பனி விழும் ஒரு வீட்டுக்குப் போவார்கள். அந்த வீட்டுக்காரிதான் நீலராணி. போனவர்களைத் திருப்பி அனுப்பாததால் கதையில் அவள் வில்லி. 1957இல் நம்பிராஜனின் மனைவி பேராச்சி காசநோயில் இறந்தாள். கடைசி ஒரு வருஷம் அவள் வீரகேரளம்புதூரில் தாய் வீட்டில் கிடந்தாள். அவர் மதுரையில் வரைந்துகொண்டிருந்தார். அவள் இறந்த பிறகு வந்த ஒவ்வொரு புத்தகத்திலும் நீலராணியின் பற்கள் நீண்டுகொண்டே போயின. அவர் தென்காசிக்குத் திரும்பி, கதாநாயகன் அவள் தலையை வெட்டும் கடைசிப் புத்தகத்தை வரைய உட்கார்ந்த அன்றுதான் அவள் வாசலில் வந்து நின்றாள். பற்கள் அவ்வளவு நீளமில்லை. அவர் எழுதிக் கொடுத்திருந்த செந்தமிழைத் தவிர அவளுக்கு வேறு பேச்சு தெரியவில்லை.

“ஓவியரே, என் தலையை வெட்டுவதானால் வெட்டும். ஆனால் நான் இல்லையென்றால் அந்த வீட்டில் அடுப்பெரிக்க ஆளில்லை. உம் மனைவி சன்னலோரம் அமர்ந்திருக்கிறாள்.”

நம்பிராஜன் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். பேராச்சியைத் திருப்பித் தந்துவிடச் சொல்லி நீலராணியின் காலில் விழுந்தார். அதற்கு ஒரு வழி இருப்பதாகவும், மூன்றாவது புத்தகத்தில் அவரே அதை எழுதியிருப்பதாகவும் அவள் நினைவூட்டினாள். செத்தவரை அறிந்த அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு சொட்டாவது கண்ணீர் விட வேண்டும். ஒருவர் விடாவிட்டாலும் முடியாது.

அவள் குற்றாலத்தில் ஐந்தருவி சாலையில் ஒரு வீடு எடுத்துத் தங்கி, அழ வந்தவர்களின் கண்ணீரை அங்கே வாங்கிக்கொண்டாள். சாரல் காலம் என்பதால் அந்தத் தெருவில் மட்டும் பனி விழுந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேராச்சி கல்யாணத்துக்கு முன்பிருந்தே கடையநல்லூர் தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்தவள். அங்கிருந்து ஜாஹிரா பீவியும் அவள் புருஷன் கிதிர் முகம்மதுவும் தெருவோடு தறிகளை நிறுத்திவிட்டு வந்து அழுதார்கள். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து வந்த வெங்காய வியாபாரி ஒருவரின் கண்ணீரை நீலராணி முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். அவர் வெளியே உட்கார்ந்து, பேராச்சி தன் மகளுக்குத் தலைவாரிவிட்டதை நினைத்துக்கொண்டு மறுபடி வந்தார். பேராச்சி குளித்த அருவி என்பதால் ஐந்தருவியும் அழுதது. மூன்று நாள் தண்ணீர் உப்புக் கரித்தது. குளிக்க வந்தவர்கள் வாயைக் கொப்பளித்துவிட்டுப் போனார்கள். நம்பிராஜன் புதுச்சேலை ஒன்று வாங்கிக் கொடியில் போட்டு வைத்தார்.

நாற்பது நாளில் மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தி, பேராச்சியின் தாய் பிச்சம்மாள். பெற்றவளிடம் கேட்கவா வேண்டும் என்று அவளைக் கடைசியில் வைத்திருந்தார்கள். நீலராணியும் நம்பிராஜனும் வீரகேரளம்புதூருக்குப் பஸ்ஸில் போனார்கள். பிச்சம்மாள் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, முறத்தை வைத்துவிட்டு நீலராணியைப் பார்த்தாள்.

“அங்கன அவ இருமுதாளா தாயி?”

“இல்லை அம்மா.”

“ரத்தம் கக்குதாளா?”

“இல்லை.”

“சோறு திங்காளா?”

“இரண்டு வேளை உண்கிறாள். சன்னல் வழியே பனியைப் பார்க்கிறாள்.”

“இங்கன வந்தா அந்தச் சீக்கும் கூட வருமா?”

“போன உடம்போடுதான் வருவாள்.”

பிச்சம்மாள் முறத்தை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள். “அப்ப நான் அழ மாட்டேன்.”

நம்பிராஜன் அவள் கையைப் பிடித்தார். “அத்த, ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு போதும்.”

“மாப்ள, நீங்க மதுரையில இருந்தீங்க. ராவும் பகலும் அவ நெஞ்சைத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தது நான். ‘போதும்மா, என்னைய விட்டுரு’ன்னு எங்கிட்டதான் கேட்டா. திரும்பவும் அவள இரும வைக்கச் சொல்லுதீங்களா?”

அவள் கண்கள் நிறைந்துதான் இருந்தன. இமை கொட்டினால் விழுந்துவிடும் என்று கொட்டாமலே உளுந்து புடைத்தாள். அவர்கள் சாயங்கால பஸ்ஸுக்குப் போகும்வரை கொட்டவில்லை. அதன்பிறகு ஏழு வருஷம் அவள் இமை கொட்டியதை யாரும் பார்க்கவில்லை. தூங்கும்போதும் கண்ணைத் திறந்தேதான் தூங்கினாள்.

நம்பிராஜன் மாமியாரோடு பேச்சை விட்டார். நீலராணியின் தலையை வெட்ட மட்டும் அவருக்குக் கை வரவில்லை. கடைசிப் பக்கத்தில் அவள் அடுப்பெரித்துக்கொண்டிருப்பதாக வரைந்து அனுப்பினார். பதிப்பகத்தார் வேறொருவரை வைத்துத் தலையை வெட்டினார்கள். அந்த முகம் அவளுடையதாக இல்லாததால் நீலராணிக்கு ஒன்றும் ஆகவில்லை. நம்பிராஜன் பெயர்ப்பலகை எழுதப் போனார். கொடியில் கிடந்த சேலையை இரண்டு வருஷம் கழித்து மடித்துப் பெட்டியில் வைத்தார்.

1966 கார்த்திகையில் பிச்சம்மாள் காய்ச்சலில் இறந்தாள். இறந்தபோதுதான் இமைகள் மூடின. அடைமழைபோல் வடிந்த கண்ணீரில் பாய் நனைந்து, மாற்றுப் பாய் போட வேண்டியதாயிற்று. அழைத்துப் போக நீலராணி வந்திருந்தாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பிள்ளைகள் பயப்படக்கூடாது என்று அவள் நீலப் பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பி உட்கார்ந்தாள். நம்பிராஜன் மாமியாரின் கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். பிறகு நீலராணியின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வைங்க.”

“சன்னலோரம் இடம் ஒதுக்கியாயிற்று” என்றாள் அவள். அப்போது கடுங்காப்பி வந்தது. மற்றவர்களுக்குக் கொடுத்ததுபோல அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள்.