எந்த எண்ணெய் என்று கேட்டவர்

பிரான்சில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவில் ஒன்பது யூரோவுக்கு வயிறு நிறையக் கொத்துரொட்டி சாப்பிடலாம். அதே தெருவில் என் கடையில் ஒரு துண்டு மீனும் ஒரு கை கிழங்குப் பொரியலும் பதினாறு யூரோ. விலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை நான் சும்மா விடுவதில்லை. கதவுவரை போய்க் கூப்பிட்டு, ஏன் பதினாறு என்று விளங்கப்படுத்துவேன்.

மீன் உறையவைத்து வந்ததல்ல. மீனை உறைய வைத்தால் அதன் தசைக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி இழைகளைக் கிழித்துவிடும். பொரிக்கும்போது அந்தத் தண்ணீர் வெளியே வந்து மேல்மாவை உள்ளுக்குள் இருந்தே நனைக்கும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே சேறு. நல்ல மீனைத் துடைத்து, உப்புத் தூவி, ஒரு மணி நேரம் குளிரில் வைத்து, மறுபடி துடைக்க வேண்டும். மாவை ஐஸ் மாதிரிக் குளிராகக் கரைக்க வேண்டும். வெள்ளைக்காரர் அதற்குப் பியர் விடுவார்கள். எங்கள் சனத்தை நினைத்து நான் சோடா விடுகிறேன். வேலை ஒன்றுதான்: உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ்கள் சூடு பட்டதும் விரிந்து, மாவை மொறுமொறுப்பாக உப்ப வைக்கும்.

கிழங்கை இரண்டு தரம் பொரிக்க வேண்டும். முதலில் மெல்லிய சூட்டில், உள்ளே வேகும்வரை. பிறகு எடுத்து ஆற விட வேண்டும். ஆறும்போது ஈரம் ஆவியாகப் போய், மேற்தோல் காய்ந்து இறுகும். அதற்குப் பிறகுதான் கடும் சூடு.

இவ்வளவையும் சொல்வேன். கேட்டவர்களில் பாதிப்பேர் உள்ளே வந்து இருப்பார்கள். ஒன்றை மட்டும் சொல்ல மாட்டேன். நான் பொரிப்பது எண்ணெயில் இல்லை, மாட்டுக் கொழுப்பில்.

அதை முதலில் எனக்குக் காட்டியவன் லில் நகரப் பக்கத்துச் சமையல்காரன் ஒருவன். ஓர் ஆங்கிலேயர் நடத்திய மதுக்கடையின் குசினியில் நாங்கள் இரண்டு பேரும் பதினொரு வருடம் வேலை செய்தோம். பிரான்சின் வடக்குப் பக்கத்தில் கிழங்கென்றால் மாட்டுக் கொழுப்புத்தான். என் கடைப் பலகையில் பிரெஞ்சுப் பக்கம் அதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். பிரெஞ்சுக்காரர் அதை வாசித்துவிட்டுத்தான் பதினாறு யூரோ தருகிறார்கள். தமிழ்ப் பக்கத்தில் ‘இருமுறை பொரித்தது’ என்று மட்டும் எழுதினேன். எழுதியது என் கை. மாடு என்று எழுதினால் எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள் என்று தெரிந்துதான் எழுதாமல் விட்டேன். பொய் எழுதவில்லையே, விட்டுத்தானே இருக்கிறேன் என்று எனக்கே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

கடை திறந்த மூன்றாம் கிழமை வல்லிபுரம் அண்ணை வந்தார். சார்செல் புறநகரில் இருப்பவர். இருபத்தாறு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவி, ஓய்வூதியம் எடுத்த நாளோடு மீன், இறைச்சி என்று மச்சத்தையும் விட்டவர். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வந்துவிட்டு, விபூதி கலையாமல் என் கடைக்கு வருவார். கிழங்கு மட்டும் வாங்குவார்.

"தம்பி, மீன் பொரிச்ச சட்டியிலைதானே இதையும் போடுறாய்?" என்று முதல் நாளே கேட்டார்.

"இல்லை அண்ணை. உள்ளுக்கு வந்து பாருங்கோ."

கூட்டிப் போய்க் காட்டினேன். மீனுக்கு ஒரு தொட்டி, கிழங்குக்கு வேறு தொட்டி. கரண்டிகூட வேறு. "மீன்ரை நிழலும் இதிலை விழாது" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவரைப் போல ஒருவர் எனக்குக் கிடைத்ததில்லை. சொல்வதைக் கேட்பார், அடுத்த வெள்ளி அதிலிருந்தே ஒரு கேள்வியோடு வருவார். ஏன் பழைய கிழங்கு கறுக்கிறது? மாச்சத்து இனிப்பாக மாறிவிடும், இனிப்புத் தீயும் என்பேன். அப்படியென்றால் குளிர்ப்பெட்டியில் வைக்கக்கூடாதா? கூடாது. தலையை ஆட்டுவார். ஒரு நாள் கேட்டார்:

"இது என்ன எண்ணெய் தம்பி? தவநாயகி வீட்டிலை பொரிச்சா பத்து நிமிசத்திலை வதங்கிப்போகுது. உன்ரை, சார்செல்வரைக்கும் ரயிலிலை போயும் அப்பிடியே நிக்குது."

என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே நல்ல கேள்வி அது. பதிலும் அழகானது. சூரியகாந்தி எண்ணெய் ஆறினாலும் தண்ணீராகவே இருக்கும். கிழங்கின் தோலை நனைத்து இளக்கிவிடும். மாட்டுக் கொழுப்பு ஆறினால் இறுகும். தோலோடு சேர்ந்து இறுகி, ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். நான் அதைச் சொல்லவில்லை.

"அது ஸ்பெசல் அண்ணை. வடக்கிலை இருந்து எடுப்பிக்கிறனான்."

"எங்கடை ஊர் வடக்கோ?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என்னோடு வேலை செய்யும் கிரிகோரி, பாசையூர்க் கத்தோலிக்கன், தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம், வெள்ளி தவறாமல் வந்தார். போன இலையுதிர்காலத்தில் மாரடைப்பு. செத்தவீட்டுக்குப் போய் வந்து, பின்னேரம் கடை திறந்தேன்.

இந்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் மனைவி தவநாயகி அக்கா வந்தார். கடைக்குள் வந்து இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமை ஆட்டைத் திவசம் தம்பி, அவர் போய் ஒரு வருசம். படையலுக்கு அவருக்கு விருப்பமானதெல்லாம் வைக்கிறன். உன்ரை கிழங்குப் பொரியலும் வேணும். வாற ஆக்களுக்கும் சேத்து முப்பது பேருக்குச் செய்து தா. விலையைக் குறைக்க வேண்டாம், கடையிலை விக்கிற விலைக்கே தா."

"சரி அக்கா" என்றேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இந்தக் கிழமை தொட்டி பழுது என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை கிழங்குத் தொட்டியை வெறுமையாக்கினேன். கொழுப்பைத் தகர டின்னில் ஊற்றி மூடினேன். சோடாத் தூளும் சுடுதண்ணீரும் விட்டு மூன்று தரம் தேய்த்தேன். புதுச் சூரியகாந்தி எண்ணெய் ஐந்து போத்தல் ஊற்றினேன். கிரிகோரி கதவில் சாய்ந்து நின்று பார்த்தான்.

"மாறன், உது வேலைக்கு உதவாது. பாவமன்னிப்பு வேணுமெண்டா எங்கடை கோயிலுக்கு வா. ஃபாதர் இருக்கிறார். தொட்டியைத் தேய்ச்சா ஆர் மன்னிக்கிறது?"

"ஒரு நாளைக்குத்தானே."

"ஓம், ஒரு நாளைக்குச் சைவம். மிச்ச நாளைக்கு வடக்கு."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தவநாயகி அக்கா ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரத்தோடு வந்தார். கடதாசிப் பெட்டி படையலுக்கு ஆகாது என்று சார்செலில் இருந்து ரயிலில் தூக்கி வந்திருந்தார். என்னால் முடிந்த அளவு கவனமாகப் பொரித்திருந்தேன். நிறம் நன்றாகவே இருந்தது. பாத்திரத்தில் நிறைத்துக் கொடுத்தேன்.

படையலுக்குப் போகும் சாப்பாட்டை முதலில் யாரும் வாயில் வைப்பதில்லை. ருசி பார்க்க மாட்டார், தப்பிவிடுவேன் என்றுதான் இருந்தேன். அவர் ருசி பார்க்கவில்லை. மூடியைத் திறந்து குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இது அது இல்லை."

"என்ன அக்கா?"

"மணம் இல்லை. வெள்ளிக்கிழமையிலை அவர் கதவைத் திறக்க முதல் அந்த மணம்தான் வரும். நான் குசினியிலை நிண்டே, வந்திட்டார் எண்டு சொல்லுவன்." ஒரு துண்டைத் தொட்டுவிட்டு விரலை என்னிடம் நீட்டினார். விரல் நுனி மினுங்கியது. "பார், எண்ணெய் வடியுது. திவசத்துக்குத்தானே, செத்தவர் வந்து கேக்கவே போறார் எண்டு மலிஞ்ச எண்ணெயிலை பொரிச்சனியோ? நான் உன்னட்டை ஒரு சதம் குறைச்சுக் கேட்டனானோ?"

சிறிய குற்றம் ஒன்று என் முன்னால் வைக்கப்பட்டிருந்தது. அதை ஏற்றுக்கொண்டால் பெரியது மறைந்துவிடும். ஏற்றுக்கொண்டேன்.

"பிழைதான் அக்கா. எண்ணெய் தட்டுப்பாடாப் போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இதுக்குக் காசு வேண்டாம்."

"காசை விடு. ஐயர் பதினொண்டரைக்குத்தான் வருவார்." கதிரையை இழுத்து இருந்தார். "நல்லதிலை திரும்பப் பொரி. நான் இருக்கிறன்."

உள்ளே போனேன். தகரம் மூலையில் இருந்தது. மூடியைத் திறந்தேன். கொழுப்பு குளிர்ந்து வெள்ளையாக இறுகி, மேலே கரண்டிக் கோடு அப்படியே பதிந்திருந்தது. கிரிகோரி இந்த முறை பகிடி விடவில்லை.

"ஊத்தட்டோ?" என்று மெதுவாகக் கேட்டான்.

ஊற்றினால் பத்து நிமிடத்தில் உருகிவிடும். அந்த மணம் வரும். அவர் சந்தோசமாக எடுத்துப் போவார். வாழையிலையில் வல்லிபுரம் அண்ணையின் படத்துக்கு முன்னால் வைப்பார். தகரத்தை மூடிவிட்டு வெளியே வந்தேன்.

"அக்கா, அதிலை பொரிக்க ஏலாது."

"ஏன்?"

"அது எண்ணெய் இல்லை. கொழுப்பு."

"என்ன கொழுப்பு?"

அந்தக் கடையில் தமிழில் அந்தச் சொல்லை நான் சொன்னது அப்போதுதான். "மாட்டுக் கொழுப்பு."

அவர் விரல் நுனியைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"முதல் நாளிலை இருந்தோ?"

"ஓம்."

"அவருக்குத் தெரியுமோ?"

"இல்லை அக்கா."

"கேட்டவரோ?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அக்காவுக்குக்கூட அது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் கிரிகோரி குசினி வாசலில் நின்றான். அவன் இல்லாவிட்டால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

"ஒருக்காக் கேட்டவர். வடக்கிலை இருந்து வாற எண்ணெய் எண்டு சொன்னனான்."

"அதை வீட்டை வந்து எனக்குச் சொன்னவர். ‘பெடியன் எல்லாத்தையும் விளங்கப்படுத்துவான், எதையும் ஒளிக்கமாட்டான்’ எண்டு." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். "இந்த மணத்துக்கு நான் ஒரு வருசமா அழுதிருக்கிறன் தம்பி. கோயிலுக்கு வாற வழியிலை உன்ரை கடை வாசலிலை நிண்டு மூக்காலை இழுத்திட்டுப் போயிருக்கிறன்."

"இப்ப பாத்திரத்திலை இருக்கிறது சுத்தமானது அக்கா. தொட்டியை மூண்டு தரம் கழுவினனான். புது எண்ணெய். சத்தியமா..."

"உன்ரை சத்தியத்தை வைச்சு நான் என்ன செய்ய?"

எழுந்து, பாத்திரத்தைக் கவிழ்த்துக் கிழங்கை என் மேசையில் இருந்த பெரிய தட்டில் கொட்டினார். அடியில் ஒட்டியிருந்த ஒரு துண்டையும் தட்டி விழுத்தினார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"வா."

"எங்கை?"

"வீட்டை. ஐயரிட்டை நான் இதைச் சொல்ல ஏலாது. பிள்ளையளுக்கும் சொல்ல எனக்கு வாய் வராது. பரிகாரம் ஏதும் இருந்தா அவர் சொல்லட்டும். நீயே வந்து சொல்லு."

கிரிகோரி என் ஏப்ரனை அவிழ்த்து வாங்கிக்கொண்டான். "போ. கடையை நான் பாக்கிறன்" என்றான்.

கார் து நோர் ரயில் நிலையம்வரை அவர் முன்னால், நான் பின்னால். பாத்திரத்தை நான் தூக்குகிறேன் என்று கை நீட்டினேன். தரவில்லை. ரயிலில் எதிரெதிரே இருந்தோம். வெறும் பாத்திரம் அவர் மடியில் இருந்தது. எந்த வசனத்தில் தொடங்குவது என்று யோசித்தேன். எதையும் விளங்கப்படுத்த எனக்கு ஒரு முறை உண்டு: எளிதானதில் தொடங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் போவது. இதற்கு எளிதான பக்கம் இருக்கவில்லை. என் உடுப்பில் அந்த மணம் இருந்தது. எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. அவருக்கும் அது மணந்திருக்கும். முகத்தை யன்னல் பக்கம் திருப்பியே இருந்தார்.

எட்டாம் மாடியில் வீடு நிறையச் சனம். கூடத்தில் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, வடை, பாயசம், கத்தரிக்காய் என்று சுற்றிவர வைத்து, ஓரத்தில் ஓர் இடம் விட்டிருந்தார்கள். ஐயர் முன்கூட்டியே வந்து இருந்தார். மகள் சிவரஞ்சினி என்னைக் கண்டதும் தேத்தண்ணீரோடு ஓடி வந்தாள்.

"வாங்கோ அண்ணை, நீங்களே கொண்டு வந்தனீங்களோ? அப்பா உங்கடை கதைதான் எந்த நேரமும். எங்கை, கிழங்கு?"

தவநாயகி அக்கா வெறும் பாத்திரத்தை மேசையில் வைத்தார். "ஐயா, பூசை தொடங்க முதல் இவர் ஒரு விசயம் சொல்ல வேணும்."

கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"வல்லிபுரம் அண்ணை வெள்ளிக்கிழமையிலை என்ரை கடைக்கு வாறவர்" என்று தொடங்கினேன். "கிழங்கு வாங்குவார். கிழங்கை ரெண்டு தரம் பொரிக்க வேணும். முதல் தரம் மெல்லிய சூட்டிலை போட்டு..."

"கிழங்கை விடு" என்றார் தவநாயகி அக்கா. "எண்ணெயைச் சொல்லு."

தேத்தண்ணீரைக் குடிக்காமல் நிலத்தில் வைத்துவிட்டுச் சொன்னேன்.