வலது காதுக்கு ஒரு ஒயர்

இருபத்தாறு வருஷமாக நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறவள் நான். அந்தப் பழக்கத்தில் செம்பு ஒயரையும் வாயில் வைத்துக் கடித்துவிட்டேன். செல்போன் ரிப்பேர் கடைப் பெண் பதறிப்போய் அதைப் பிடுங்கினாள்.

"அக்கா, இது நூல் இல்ல! பல்லு போயிடும்."

"போனா போகட்டும். இன்னும் நிறைய இருக்கு," என்றேன்.

அவளைத் தெருவில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். செத்துப்போன போனையெல்லாம் எழுப்பி உட்கார வைப்பவள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவளுடைய பேன்ட் ஜிப்புகளுக்கெல்லாம் நான்தான் டாக்டர் என்பதால் எங்களுக்குள் நல்ல ஒட்டுதல்.

நாற்பத்தெட்டு வயதில் அவள் கடையில் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரர். பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். விடிவதற்கு முன்னால் கிளம்பி மத்தியானம் வந்துவிடுவார். சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும், முன்னறையில் என் தையல் மெஷின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். கேசட்டும் போடுகிற பழைய ரேடியோ செட்டில் ஹெட்போனைச் சொருகிக்கொண்டு பாட்டுக் கேட்பார். என் மெஷின் போடுகிற கூச்சலில் வேறு எப்படிக் கேட்பது? நான் தைப்பேன், அவர் கேட்பார். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டோம். எனக்கு நாளிலேயே பிடித்த நேரம் அதுதான்.

அவர் பாட்டுக் கேட்பதைப் பார்க்க வேண்டும். தலையாட்ட மாட்டார், தாளம் போட மாட்டார், சுண்டுவிரல்கூட அசையாது. வாய் மட்டும் லேசாகத் திறந்துகொள்ளும். "ஈ உள்ள போகப் போகுது, மூடுங்க" என்பேன். அதுவும் அவருக்குக் கேட்காது.

போன வருஷம் ஒரு நாள், "இடது காது அடைச்ச மாதிரி இருக்கு" என்றார். என் முன்னால் பள்ளிக்கூட யூனிஃபார்ம் மலையாகக் குவிந்து கிடந்தது. "மாவு போயிருக்கும். நல்லாக் குளிங்க, சரியாப் போயிடும்" என்றேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் சொன்னார். நான் மறுபடியும் மாவின் மேல் பழியைப் போட்டேன். அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை. பத்தாவது நாள் இடது பக்கமாக நின்று கூப்பிட்டபோது அவர் திரும்பவே இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"முதல் ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தா காதைக் காப்பாத்த முயற்சி பண்ணியிருக்கலாம்" என்றார் காது மருத்துவர். யாரையும் குறை சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது.

என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டு, அழுது, ஆறியிருப்பேன். அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. அன்றிலிருந்து மனிதர் எந்தக் குறையும் சொல்வதில்லை. உப்பு போட மறந்தால், நல்லாயிருக்கு. செருப்பு காலைக் கடித்தால், பழகிடும். நானே அவருடைய சட்டைக் கழுத்தைத் தப்பாக வெட்டி, அது அவரைத் தூக்கில் போடுவதுபோல இறுக்கியபோதும் "கச்சிதமா இருக்கு" என்றார். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், நான் காது கொடுக்கவில்லை. இனி இவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாரோ? இந்த நினைப்பு என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

ஹெட்போனையும் அலமாரி உச்சியில் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "கேட்ட பாட்டுதானே, போதும்" என்றார். அவர் பேக்கரிக்குப் போன பிறகு அதை எடுத்து மாட்டி, இடது பக்கத்தை மட்டும் காதிலிருந்து தள்ளி வைத்துக் கேட்டுப் பார்த்தேன். பாடுகிறவர் இருந்தார், வயலினைக் காணோம். பாதிப் பாட்டு அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. ஹெட்போன் இல்லாமல் வைத்துப் பாருங்கள் என்றால், மெஷின் சத்தமும் பாட்டும் அந்த ஒற்றைக் காதில் கூழாகிவிடுகிறது போலும், இரண்டு நிமிஷத்தில் அணைத்துவிடுவார்.

இதையெல்லாம் டாக்டரிடம் புலம்பியபோதுதான் அவள் சொன்னாள்.

"ஹெட்போன்ல சொருகுற ஒயரை மட்டும் புதுசாப் பண்ணி, ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் அதுலயே ஒண்ணாச் சேர்த்து வலது காதுக்கு மட்டும் அனுப்பிடலாம்கா. அரிசி மாதிரி ரெண்டு ரெசிஸ்டர் போட்டாப் போதும். ஹெட்போனைக் கொண்டு வாங்க, ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தரேன்."

"நீ செய்ய வேணாம். எனக்குக் கத்துக்குடு."

"உங்களுக்கு எதுக்குக்கா இந்த வேலை?"

"குடுன்னா குடு."

எனக்குப் பிடிவாதம் வந்தால் வந்ததுதான். அந்தக் காதை என் வாய் கெடுத்தது, கையாவது எதையாவது திருப்பிக் கொடுக்கட்டும் என்று தோன்றியது. இதை அவளிடம் சொல்லவில்லை.

நான்கு வாரம், மத்தியானம் அவர் தூங்குகிற நேரமாகப் பார்த்து, டாக்டர் கடையில். ஒயரின் மேல்தோலை உரிக்கப் பழகவே மூன்று நாள். ஈயம் உருக்குகிற சூட்டுக்கோலைப் பிடித்ததும் இஸ்திரிப் பெட்டி ஞாபகத்தில் அழுத்துவேன். "அழுத்தாதீங்கக்கா, சட்டை இல்ல அது! ஒயரைச் சூடு பண்ணுங்க, ஈயம் தானா ஓடி வரும்" என்று தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கு ஈயம் ஓடி வரவில்லை. உருண்டு உருண்டு நின்றது. ஒரு வழியாக வழவழவென்று ஒட்ட வைத்தால், பிளக்கின் மூடியை முதலிலேயே ஒயரில் கோத்துவிட்டுத்தான் ஈயம் வைக்க வேண்டுமாம். மூடி மேசைமேல் உட்கார்ந்து என்னைப் பார்த்து இளிக்கும். மறுபடியும் ஈயத்தை உருக்கிப் பிரித்து, முதலிலிருந்து. ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை மறந்தேன். ஐந்தாவது தடவை அந்த மூடியைத் தெருவில் வீசிவிட்டு, பிறகு நானே போய்க் குனிந்து தேடி எடுத்து வந்தேன்.

நாலு ஒயரைச் சேர்த்துப் பின்னுகிற வேலையில் மட்டும் எனக்கு யாரும் கிட்டே வர முடியாது. "தளர்வாப் பின்னுங்க, இறுக்கினா நீளம் குறைஞ்சிடும்" என்றாள் டாக்டர். தொளதொளவென்று எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை. இறுக்கித்தான் பின்னினேன். கறுப்புப் பாம்புக்குட்டி மாதிரி பளபளவென்று வந்தது. பார்த்துப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கடை கிடையாது. கடைசியாக ஹெட்போன் பக்கத்துப் பிளக் ஒன்றுதான் பாக்கி. சூட்டுக்கோலையும் ஒயர் சரியாக ஒட்டியிருந்தால் பீப் அடிக்கிற மீட்டரையும் இரவல் வாங்கி வந்திருந்தேன். அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். துணி வெட்டும் மேசையில் பழைய பலகை ஒன்றைப் போட்டு உட்கார்ந்தேன். மூடியை முதலில் கோத்தேன்.

அந்தப் பிளக்கில் மூன்று முள். நடுவில் இருப்பது பொது. ஒரு ஓரம் இடது காதுக்கு, மறு ஓரம் வலது காதுக்கு. டாக்டர் அட்டையில் படம் போட்டு, எந்த முள்ளில் வைக்க வேண்டும், எதை வெறுமனே விட வேண்டும் என்று குறித்துக் கொடுத்திருந்தாள். நான் படத்தையும் பிளக்கையும் மாறி மாறிப் பார்த்தேன். ஈயம் வைப்பது பிளக்கின் உள்பக்கம். உள்பக்கத்திலிருந்து பார்த்தால் வலது இடமாகும், இடது வலமாகும் என்பது எந்தத் தையல்காரிக்குத் தெரியாது? எத்தனை ஆயிரம் கைகளை அப்படித் திருப்பிப் போட்டுத் தைத்திருக்கிறேன்! படத்தை மனசுக்குள் திருப்பிப் போட்டு, அதன்படி ஈயம் வைத்தேன். மீட்டரை வைத்தேன். பீப் அடித்தது. மூடியைத் திருகினேன்.

மாட்டிக் கேட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் பிறருக்குத் தைத்ததை அவர்கள் போடுவதற்கு முன் என் உடம்பில் வைத்துக்கூடப் பார்க்க மாட்டேன். தொழில் பழகின நாளிலிருந்து அப்படி. அவருக்கென்று செய்தது, அவர் காதுக்குத்தான் முதலில் போக வேண்டும்.

மூன்று மணிக்கு ரேடியோவில் பாட்டு நேரம். எழுந்து வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, செட்டில் சொருகினேன். அவர் ஒயரைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீயா பண்ணே?"

"பேசாமக் கேளுங்க."

அவர் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு முகம் மலர்ந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "வயலின்?" என்று கையால் வில் இழுத்துக் கேட்டேன். "பிரமாதம்!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். தலையை ஆட்டினார். காலால் தாளம் போட்டார். செட்டை ஒட்டிக் குனிந்து உட்கார்ந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ரசித்துத் தள்ளினார். நான் மெஷினில் உட்கார்ந்து ஒரே தையலை மூன்று தடவை போட்டேன். கண்ணில் தண்ணீர் நின்றால் எங்கே நேராகத் தைப்பது?

முகம் கழுவப் போகிறேன் என்று அவர் எழுந்து போனார். அவர் கேட்டதை நானும் கொஞ்சம் கேட்கலாம் என்று ஹெட்போனை எடுத்து மாட்டினேன்.

ரேடியோவில் யாரோ ஒருவர், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை எப்படிக் கழுவ வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். நாலேகால். பாட்டு முடிந்து கால் மணி ஆகியிருந்தது. எழுந்து போகிற நிமிஷம்வரை மனிதர் இதற்கா தாளம் போட்டார்?

அதற்குப் பிறகுதான் உறைத்தது. தொட்டிக்காரரின் குரல் என் இடது காதில் மட்டும்தான் கேட்டது. வலது காதில் ஒன்றுமே இல்லை.

அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் டாக்டர் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: ஈயம் வைக்கும் பக்கத்திலிருந்து பார்த்த படம். அவள் ஏற்கெனவே திருப்பித்தான் வரைந்திருக்கிறாள். நான் அதை இன்னொரு தடவை திருப்பியிருக்கிறேன். மொத்தப் பாட்டையும் அள்ளிக் கட்டி, கேட்காத காதில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன். அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெறும் நிசப்தத்தைக் கேட்டுக்கொண்டு காலாட்டியிருக்கிறார்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"கடைசியா என்ன பாட்டு?" என்றேன்.

"அதான்... நல்ல பாட்டு. வயலின்ல பிச்சு உதறிட்டான்."

"தண்ணித் தொட்டி கழுவுறது எப்படின்னு ஒருத்தர் பேசிக்கிட்டிருக்கார்."

திருட்டு முழி முழித்தார். துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நாலு வாரமா தினம் ஒரு விரலைச் சுட்டுக்கிட்டு வர்றே. கேட்டாச் சொல்ல மாட்டேன்னுதான் நானும் கேக்கல. இன்னைக்கு இதை மாட்டிட்டு நீ என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னே பாரு... கேக்கலைன்னு எப்படி சொல்றது?"

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. கோபம்தான் முதலில் வாய்க்கு வந்தது.

"வாயைத் திறந்துதான் சொல்லணும்! அன்னைக்குக் காது அடைக்குதுன்னு சொன்னீங்க, நான்தான் கண்டுக்கல. அதுக்குத் தண்டனையா இனிமே எதையுமே சொல்ல மாட்டீங்களா? உப்பு இல்லைன்னா உப்பு இல்லைன்னு சொல்லுங்க. கழுத்து இறுக்குதுன்னா இறுக்குதுன்னு சொல்லுங்க. நல்லாயிருக்கு, நல்லாயிருக்குன்னு சொல்லிச் சொல்லியே என்னைக் கொல்றீங்க."

"தண்டனையா? ஐயையோ, அப்படியெல்லாம் இல்ல," என்றார். நிஜமாகவே அதிர்ந்து போயிருந்தார். "நீ மனசுல வச்சுக்கிட்டே வேகுறேன்னு தெரியும். நானும் எதையாவது சொல்லி அதைக் கிளற வேணாமேன்னுதான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கிறோம். மூக்கைச் சிந்திக்கொண்டேன். சூட்டுக்கோலை எடுக்கக் கை நீட்டினேன், எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஈயம் வைக்கலாம் என்று. அப்போதுதான் என் மரமண்டைக்கு எட்டியது. சட்டையை உள்பக்கம் வெளியாகப் போட்டுவிட்டால் அதற்காகத் தையலையா பிரிப்போம்?

அவரை நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தேன். செட்டில் பாட்டு கேசட் ஒன்றைப் போட்டேன். ஹெட்போனை முன்பின்னாகத் திருப்பி, இடது பக்கத்தை அவருடைய வலது காதில் வரும்படி மாட்டினேன்.

அவர் கட்டைவிரலைத் தூக்கவில்லை. தலையாட்டவில்லை. தாளம் போட்ட கால் தரையோடு தரையாக நின்றுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தது.

ஈயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மெஷினையும் மிதிக்கவில்லை. ஒரு பாட்டு முடிகிறவரை அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அவர் ஹெட்போனை மெல்லக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண் சிவந்திருந்தது. ஏதோ சொல்ல வந்து தயங்கினார். என்னைப் பார்த்தார். பிறகு கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஒயர் குட்டையா இருக்கு. குனிஞ்சு குனிஞ்சு கழுத்து வலிக்குது."

ஒரு வருஷத்தில் அவர் சொன்ன முதல் குறை. இறுக்கிப் பின்னாதே என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாள், கேட்டேனா?

கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை எடுத்தேன். "நிமிர்ந்து உக்காருங்க" என்று சொல்லி, அவருடைய வலது காதிலிருந்து ரேடியோ செட் வரைக்கும் அளந்தேன்.