சங்கவியின் ரெஃபரல் சீட்டு

1

இது முதலில் கதையாக இல்லை. போலீசுக்குக் கொடுக்கலாம் என்று எழுதத் தொடங்கிய புகாருக்கான குறிப்பாக இருந்தது. என் வீட்டுக்கு எதிரே, ரீசார்ஜ் கடை ஓரமாக, ஒருவன் மூன்று நாளாக வந்து நின்றான். அவன் வந்த நேரம், போன நேரம், சட்டையின் நிறம், வண்டி எண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். நாளைக்கு எங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாராவது இந்த நோட்டை எடுத்துப் பார்ப்பார்கள் என்று ஒரு கணக்கு. அந்த 'ஏதாவது' என்ற சொல்லை எழுதியதும் கை நின்றுவிட்டது. அதற்குமேல் புகார் வரவில்லை, கதைதான் வந்தது.

நான் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். இப்போது செமஸ்டர் விடுமுறை. என் மனைவி அரசு மருத்துவர். இதை எழுதவே வேண்டாம் என்றாள். எழுதித்தான் தீருவேன் என்றதும், பெயரையாவது மாற்றுங்கள் என்றாள். மாற்றிவிட்டேன். இந்தக் கதையில் அவள் பெயர் ஃபஸீஹா. அவள் வேலை செய்யும் மருத்துவமனையையும் மாற்றிவிட்டேன். அது திண்டிவனத்திலும் இல்லை, விழுப்புரத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே நெடுஞ்சாலையோரம் நானே ஓர் ஊரை உண்டாக்கி, அங்கே நாற்பது படுக்கையோடு ஒரு மருத்துவமனையைக் கட்டி, வாசலில் ஒரு வேப்பமரமும் நட்டிருக்கிறேன்.* என் பெயரையும் மாற்றியிருப்பேன். ஆனால் கதையில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடப்போவதில்லை. அந்த வேலை மிச்சம்.

* ஃபஸீஹா இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, "மரம் இருக்கட்டும், கதையிலயாவது ஒரு மயக்க டாக்டரப் போடுங்க" என்றாள். போட்டிருந்தால் கதையே இல்லை.

2

தொடக்கங்கள்.

டாக்டர் வேங்கடேசன் பிரசவ வார்டை விட்டு வெளியே வந்தபோது அவருடைய கைகள்

[விட்டுவிட்டேன். ஆளை மறைக்கத்தான் ஆணாக்கினேன். ஆனால் வேங்கடேசனை நினைத்தால் எனக்குக் கவலையே வரவில்லை. அவர் பாட்டுக்கு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.]

எதிரே நின்றவனின் பையில் அரிவாள் இருந்தது.

[பை இருந்தது உண்மை. வண்டியின் கைப்பிடியில் ஒரு மஞ்சள் துணிப்பை தொங்கியது. அதற்குள் என்ன என்று தெரியாது. அரிவாளை வைத்தது நான்தான். வைத்த பிறகு ஜன்னல் பக்கம் போகவே பயமாக இருந்தது. சொந்தமாகக் கற்பனை செய்துவிட்டு அதற்கே நடுங்குகிறவனை என்ன சொல்வது?]

சரி, நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

சின்ன மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு நோயாளியை அனுப்பும்போது ஒரு சீட்டு எழுதுவார்கள். ரெஃபரல் சீட்டு. அதில் 'அனுப்பும் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. எந்த நோயாளியாக இருந்தாலும் அதில் எல்லா மருத்துவர்களும் எழுதுவது ஒன்றுதான்: மேல்சிகிச்சைக்காக. பாம்பு கடித்தாலும் அதுதான், பனியில் மூச்சு முட்டினாலும் அதுதான். அந்தச் சொல்லால் யாருக்கும் சங்கடமில்லை.

ஃபஸீஹாவின் மருத்துவமனையில் ரத்தம் வைக்கிற குளிர்பெட்டி கெட்டு நான்கு மாதம் ஆகிவிட்டது. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் வாரத்தில் மூன்று நாள்தான் வருவார். இதைச் சொல்லி ஏழு மருத்துவர்கள் சேர்ந்து மனு கொடுத்தார்கள். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. மறுபடி கொடுத்தார்கள், அதே பதில் புதுத் தேதியோடு வந்தது. அப்போதுதான் ஃபஸீஹாவுக்கு ஒரு யோசனை வந்தது. மனுவை யாரும் படிப்பதில்லை, ஆனால் ரெஃபரல் சீட்டை அடுத்த மருத்துவமனையில் கட்டாயம் படித்தே ஆகவேண்டும். அதனால் அந்தக் கட்டத்தில் உண்மையான காரணத்தை எழுத ஆரம்பித்தாள். 'இங்கே ரத்தம் இல்லை.' 'இன்று மயக்க மருத்துவர் இல்லை.' நோயாளியின் வீட்டாருக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே எழுதினாள். கீழே பெயரை முழுதாக, முத்து முத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அவளோடு சேர்ந்து ஆனந்தராஜ் என்ற மருத்துவரும் அப்படி எழுதினார். இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. ஆனந்தராஜ் பழையபடி 'மேல்சிகிச்சைக்காக' என்றே எழுதத் திரும்பிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, பொறாமைதான். அவருடைய மனைவி நிம்மதியாகத் தூங்குவார்.

3

சங்கவி என்று நான் பெயர் வைத்திருக்கும் பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது. பதினோரு நாளைக்கு முன்னால், பகல் இரண்டு மணிக்கு, ஃபஸீஹாவின் கையில் பெண் குழந்தை பெற்றாள். குழந்தை நன்றாக அழுதது. சங்கவிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். ரத்தம் ஏற்றி அறுவை சிகிச்சை செய்திருந்தால்

[இந்த வாக்கியத்தை நான் முடிக்கக்கூடாது. நான் மருத்துவன் இல்லை. ஃபஸீஹாவும் முடிக்கமாட்டாள். சாப்பிடும்போது சில நேரம் அவள் கை தட்டிலேயே நின்றுவிடுகிறது. இந்த வாக்கியம்தான் ஓடுகிறது என்று தெரிந்துகொள்கிறேன்.]

108 வந்தது. ஃபஸீஹா சீட்டை எழுதி, சங்கவியின் கணவன் கோபியின் கையில் கொடுத்து அனுப்பினாள். விழுப்புரம் போய்ச் சேருவதற்குள் சங்கவி இறந்துவிட்டாள். பெரிய மருத்துவமனையில் அவளைச் சேர்க்கவே இல்லை என்பதால் சீட்டை வாங்கிக்கொள்ளவும் ஆளில்லை. அது கோபியின் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது.

என்ன எழுதினாய் என்று நான் கேட்டேன். மூன்று வரி சொன்னாள். ரத்த சேமிப்புப் பெட்டி நான்கு மாதமாகப் பழுது. இன்று மயக்க மருத்துவர் இல்லை. அதனால் மட்டும் அனுப்புகிறேன்.

சீட்டின் கார்பன் நகல் மருத்துவமனைப் புத்தகத்தில் இருக்கவேண்டும். நான்காம் நாள் ஃபஸீஹா எடுத்துப் பார்த்தால் புத்தகமே புதிதாக இருந்தது. சங்கவிக்கு வேறொரு சீட்டு அதில் இருந்தது: 'உறவினர்கள் தாமதமாக அழைத்து வந்ததால் நிலைமை மோசம். மேல்சிகிச்சைக்காக.' கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

ஃபஸீஹாவின் மேலதிகாரி கெட்டவர் இல்லை. இதை எழுதும்போது அவருக்கு ஒரு முரட்டு மீசை வைக்கலாமா என்று யோசித்தேன், வைக்கவில்லை. உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுத்துத்தான் பேசியிருக்கிறார். விழுப்புரத்தில் வியாழக்கிழமை மூன்று மணிக்கு இந்த இறப்பைப் பற்றி ஆய்வுக் கூட்டம். அதற்கு முன் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்றாராம். அவள் பேனாவைத் தொடாததைப் பார்த்து இன்னொன்றும் சொன்னாராம்:

"அந்தச் சீட்ட எடுத்துக்கினு அவங்க ஊரையே கூட்டியாந்தாங்கன்னா, அடி வாங்கப்போறது நீங்கதாம்மா. அதுல உங்க பேருதான் தெளிவா இருக்குது."

மறுநாளே ஃபஸீஹா வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றினாள். ஸ்கூட்டரில் ஒட்டியிருந்த டாக்டர் ஸ்டிக்கரைக் கத்தியால் சுரண்டினாள். பாதி வந்தது, பாதி வரவில்லை. மிச்சத்தின் மேல் பிள்ளையாரும் இல்லாமல் பள்ளிவாசலும் இல்லாமல் ஒரு பால் கம்பெனி ஸ்டிக்கரை நான் ஒட்டினேன். மருத்துவர்களை அடிக்கிற வீடியோ போனில் வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

எதிரே நின்றவன் கோபிதான் என்று இரண்டாம் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் சொன்னாள். பிறகு பின்வாசல் வழியாகவே வேலைக்குப் போய்வந்தாள்.

4

இன்று வியாழன். காலையில் அவள் விழுப்புரம் கிளம்பும்போது நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். கையெழுத்துப் போடுவாயா என்று. பின்வாசல் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"ஒரிஜினல் கையில இருந்தா பேசிடுவேங்க. இல்லன்னா என் பேச்ச யாரு நம்புவாங்க? போட்டுட்டு வந்துடுவேன். என்னால முடியல."

எனக்கு அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தைக் கேட்டதும் வந்தது நிம்மதி. வருத்தம் வந்தது என்று முந்தைய வரைவில் எழுதியிருந்தேன். அது பொய், அடித்துவிட்டேன்.

பதினொன்றரைக்குக் கோபி சாலையைக் கடந்து வந்தான். நான் வாசல் கம்பிக் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே நின்றேன். போனில் 100 போட்டுத் தயாராக வைத்திருந்தேன். மஞ்சள் பை அவன் கையில் இருந்தது.

டாக்டரம்மா இருக்கிறார்களா என்று கேட்டான். இல்லை என்றேன். பைக்குள் கையை விட்டான். வெளியே வந்தது சங்கவியின் ஸ்கேன் ஃபைல். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் மடித்த சீட்டு. அதைக் கம்பி வழியாக நீட்டினான். யாரோ இரண்டு பேர் அடிக்கடி வீட்டுக்கு வந்து இந்தச் சீட்டைக் கேட்கிறார்களாம், ஏதாவது உதவி வாங்கித் தருவதாகச் சொல்கிறார்களாம். வீட்டில் வைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது, எழுதியவர் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று வந்தானாம்.

மூன்று நாளாக ஏன் பேசாமல் நின்றாய் என்று கேட்டேன்.

"என்னப் பாத்தா டாக்டரம்மா பயப்படுவாங்களேன்னுதான் சார். வண்டிகிட்டயே நின்னுக்கினு இருந்துட்டுப் போயிட்டேன்."

ஜெராக்ஸ் எடுத்துவைத்துக்கொண்டாயா என்றதற்கு இல்லை என்று தலையாட்டினான். கடையில் கொடுத்தால் படிப்பார்களாம். அதற்குப் பிறகு வேர்க்கடலை அறுவடையை வைத்து ஊர் பேசுவதையும் சொன்னான்:

"மல்லாட்டை புடுங்கி முடிச்சிட்டுதான் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனேன்னு எங்க ஊர்ல பேசறாங்க சார். எங்க மாமியாரும் அதையேதான் சொல்றாங்க. நான் லேட் பண்ணலன்னு சொல்றது இந்த ஒரு சீட்டுதான். பத்திரமா குடுத்துடுங்க."

கதவைத் திறந்து உள்ளே வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். தண்ணீராவது கொடுத்திருக்கலாம். அவர் போய்விட்டார். இதுவரை 'அவன்' என்று எழுதியதையெல்லாம் திருத்தவேண்டும். திருத்தவில்லை. பயந்தவன் எழுதியது அப்படியே இருக்கட்டும், அதையும் நீங்கள் பார்க்கவேண்டும்.

சீட்டைப் பிரித்தேன். மூன்று வரி இல்லை, நான்கு இருந்தன. நான்காவதை ஃபஸீஹா என்னிடம் சொல்லவில்லை. மறந்திருக்கலாம், அல்லது நான் பயப்படுவேன் என்று மறைத்திருக்கலாம்.

'கணவர் உரிய நேரத்தில் அழைத்து வந்தார். தாமதம் எங்களுடையது.'

அதற்குக் கீழே தேதி, நேரம், அவளுடைய முழுப் பெயர்.

5

பன்னிரண்டு இருபதுக்கு அவள் விழுப்புரத்திலிருந்து போன் செய்தாள். யாராவது வந்தார்களா என்று கேட்டாள். சீட்டு மேசைமேல் என் கண்முன்னால் இருந்தது.

"யாரும் வரல" என்றேன்.

"சரிங்க" என்றாள். அவ்வளவுதான். அந்த 'சரிங்க'வில் அவளுக்கும் நிம்மதி இருந்ததா என்று இதுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். இருந்தது என்று எழுதினால் என் பாரம் குறையும். அதனாலேயே எழுதவில்லை.

முடிவுகள். மூன்று எழுதிப்பார்த்தேன்.

ஒன்றில் நான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். காகிதம்தானே, ஒரு நிமிடம்கூட ஆகாது. ஃபஸீஹா புதுச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறாள். யாரும் எங்கள் வாசலுக்கு வரப்போவதில்லை.

இன்னொன்றில் ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்து விழுப்புரம் போகிறேன். இந்த முடிவை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்றரை மணி பஸ் போய்விட்டது. பஸ் போய்விட்டது என்று தெரிந்ததும் மறுபடி அதே கேடுகெட்ட நிம்மதி.

மூன்றாவதுக்குப் பஸ் தேவையில்லை. நீங்களே நினைத்திருப்பீர்கள், போனில் படம் எடுத்து அனுப்பினால் என்ன என்று. எடுத்துவிட்டேன். எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறது. அனுப்பினால் அவள் பேசுவாள். அவளை எனக்குத் தெரியும், காகிதம் கண்ணில் பட்டுவிட்டால் பேசாமல் இருக்கமாட்டாள். 'தாமதம் எங்களுடையது' என்று அத்தனை அதிகாரிகள் முன்னால் தன் பெயரோடு படிப்பாள். அதற்குப் பிறகு அவளுக்கு மெமோவா, இடமாற்றமா, வேலையே போகுமா, இல்லை வார்டு வாசலில் எவனாவது ஒருத்தன் கட்டையோடு நிற்பானா, எனக்குத் தெரியாது. குளிர்பெட்டி வருமா என்பதும் தெரியாது.

இந்த மூன்று முடிவிலும் ஃபஸீஹா சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். வராத மாதிரி எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. கோபியைப் பற்றி ஒன்றிலும் நான் எழுதவில்லை. அவர் அந்தக் குழந்தையை எடுத்துக்கொண்டு அதே ஊரில், அதே பேச்சுக்கு நடுவில், எத்தனை வருடம் இருப்பார் என்று எழுதத் தொடங்கினால் அடுப்பு முடிவு பாதியிலேயே நின்றுவிடும். தெரிந்துதான் விட்டேன்.

முடிவை உங்களிடம் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். இந்த மாதிரிக் கதைகளில் அதற்கு இடம் உண்டு, யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். ஆனால் நீங்கள் இதைப் படிக்கும் நேரத்தில் கூட்டம் முடிந்து எத்தனையோ நாள் ஆகியிருக்கும். உங்கள் கையில் ஒன்றும் இல்லை. என் கையில் போன் இருக்கிறது, படம் திறந்தபடி இருக்கிறது, அவள் ஆன்லைனில் இருக்கிறாள்.

மணி இரண்டு ஐம்பது. கூட்டத்துக்கு இன்னும் பத்து நிமிடம். அனுப்ப ஒரு விரல் போதும். பத்து விரலாலும் இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.