கதவுக்கு மேலே போன வயர்

என் கணவர் ரயில் நிலைய விசாரணைக் கவுன்டரில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவர். கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழும். பக்கவாதம் வந்த பிறகு வலது காலை இழுத்து நடந்தார், வார்த்தைகளைத் தேடினார். பேச்சுப் பயிற்சி தரும் பெண் வாரம் இருமுறை கம்ப்யூட்டரில் வீடியோ அழைப்பில் வருவார். படம் காட்டுவார், இவர் பெயர் சொல்ல வேண்டும். எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்வார். அவர் கடிதம் கொடுத்தால்தான் மறுபடியும் கவுன்டர்.

நான்கு மாதமாகியும் மதிப்பெண் ஏறவில்லை. “கொஞ்சம் லேட்டா வருது சார், பரவாயில்ல” என்பார் அந்தப் பெண், கனிவாக. அந்தக் கனிவுதான் இவரை உடைத்துப் போட்டது. தான் மந்தமாகிவிட்டதாக இவரே நம்பி, வீட்டிலும் வாயை மூடிக்கொண்டார். நான் தைப்பதில் தினம் ஒரு குறையாவது சொல்லாவிட்டால் தூக்கம் வராத மனிதர், உப்பில்லாத குழம்பைக்கூடப் பேசாமல் சாப்பிட்டார்.

ஒருநாள் மாத்திரை கொடுக்கப் போனவள் பக்கத்திலேயே நின்றேன். திரையில் கத்தரிக்கோல் படம். இவர் சட்டென்று “கத்தரிக்கோல்” என்றார். அந்தப் பெண்ணோ பேனாவும் கையுமாக இன்னும் காத்திருக்கிறார். மனதுக்குள் நான்கு வரை எண்ணினேன். அப்புறம்தான் தலையாட்டி எழுதினார். அடுத்த படத்துக்கும் அதே கதை.

இணைய லைன் வருவது முன்னறைக்கு, என் தையல் மெஷின் பக்கத்தில். கம்ப்யூட்டர் இருப்பது இரண்டு சுவர் தள்ளிப் பின்னறையில். மெஷின் சத்தம் வேண்டாமென்று அங்கே வைத்தது நான். வயர் வேண்டாம், வைஃபை போதும் என்றது மகள். இரண்டு சுவரைத் தாண்டுவதற்குள் வைஃபை தளர்ந்து, இவர் பதில் அந்தப் பெண்ணுக்குத் தாமதமாகப் போயிருக்கிறது. ஆக, அக்கறையாக இருக்கிறேன் பேர்வழி என்று நாங்கள் இருவரும் சேர்ந்து அந்த மனிதரை மந்தமாக்கி வைத்திருக்கிறோம்.

கம்ப்யூட்டர் வரைக்கும் வயர் இழுத்துவிடலாம் என்று மகளிடம் சொன்னேன். “வயர் கால்ல தடுக்கி அப்பா விழுந்தா?” என்று மறுபடி ஆரம்பித்தாள்.

“தரையில யாரு போடப்போறா?” என்றேன்.

அளவு டேப்பை எடுத்தேன். இரண்டு கதவு நிலைக்கும் மேலாகப் போனால் பதினான்கு மீட்டர். பதினைந்து வாங்கினேன். மீந்த லைனிங் துணியில் சின்னச் சின்னப் பட்டிகள் தைத்து, சாணுக்கு ஒரு ஆணி அடித்து, வயரை மாட்டிக்கொண்டே போனேன். அவர் நல்ல கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வகுப்பில் இருபது படங்கள். பதினெட்டுக்குப் பதில் உடனே போய்ச் சேர்ந்தது. இரண்டுக்கு நிஜமாகவே திணறினார். அதை அந்தப் பெண் தாராளமாக எழுதிக்கொள்ளட்டும். “என்ன சார், இன்னைக்கு இப்படிப் பிச்சு உதறுறீங்க?” என்றார் அவர்.

நான் குறுக்கே தலையை நீட்டினேன். “இத்தனை நாளும் லைன்தாம்மா லேட்டு. அவர் இல்ல.”

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. இவரிடம் மன்னிப்புக் கேட்டு, பழைய மதிப்பெண்களை ஒதுக்கிவிட்டு இன்றிலிருந்து புதிதாகக் கணக்கெடுப்பதாகச் சொன்னார்.

திரை அணைந்தது. இவர் நாற்காலியில் சாய்ந்து, சுவரோடு போகும் வயரைக் கதவு வரைக்கும் கண்ணால் தொடர்ந்தார்.

“கோணல்” என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “எங்க கோ...” என்று நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து விழுந்தது.

“ரெண்டாவது ஆணி.”