இரண்டு மீட்டர்

வேலை நேரத்தில் என் சட்டைப் பையில் ஒரு பேட்ஜ் தொங்கும். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று சத்தமில்லாமல் குறித்துக்கொள்ளும். மாதக் கடைசியில் அதைப் படித்துப் பார்ப்பார்கள். பதினெட்டு வருடமாக எனக்குப் பூஜ்யம்தான். பள்ளிக்கூடத்தில் மானத்தை வாங்கிய அதே பூஜ்யம், மலேசியாவில் காஜாங் பக்கத்தில் இருக்கும் இந்த ஆய்வு நிலையத்தில் என்னைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும் பெரிய மனிதனாக்கியது.

திங்கட்கிழமை காலை விஷ்ணுப்ரியா கூப்பிட்டாள். என் வகுப்பில் படித்து, இப்போது கதிர்ப் பாதுகாப்பு அதிகாரியாக இருப்பவள்.

“டாக்டர், உங்க பேட்ஜ் ஒன்னு புள்ளி ரெண்டு மில்லிசீவர்ட் காட்டுது.”

“மிஷின்ல கோளாறு இருக்கும் லா.”

“மிஷின வெள்ளிக்கிழமதான் செக் பண்ணேன். காரணம் எழுத்துல வேணும். அது வரைக்கும் கதிர்க்கூடத்துக்குள்ள உங்கள விடமுடியாது.”

வியாழக்கிழமை எனக்கு அந்தக் கூடம் வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து கட்டிய ஒரு குட்டிச் செயற்கைக்கோள். அதன் சிப் விண்வெளிக் கதிர்வீச்சைத் தாங்குமா என்று அங்கே வைத்துத்தான் சோதிக்க வேண்டும். இந்த முறை தவறினால் அடுத்தது நான்கு மாதம் கழித்து. ராக்கெட் அதுவரை நிற்காது.

காரணம் எனக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஏழாவது மாடி வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

போன மாதம் என் மனைவி உர்சுலாவுக்குத் தைராய்டு சிகிச்சை. கதிரியக்க அயோடின் மாத்திரை கொடுத்து, வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு வாரம் யாரும் இரண்டு மீட்டருக்குள் வரக்கூடாது என்றார்கள். அவள் தரையில் டேப் ஒட்டிக் கோடு போட்டாள். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் டிவியைப் பார்த்துக்கொண்டே அவள் சத்தமில்லாமல் அழுதாள். நாடகத்தில் அப்போது எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“கணக்குப் போட்டுட்டேன். இன்னிக்கு ஒன்னுமே இல்ல,” என்று சொல்லிக் கோட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்தேன். அவள் என் நெஞ்சில் சாய்ந்தாள். அந்த வாரம் முடியும்வரை தினமும் இரண்டு மணி நேரம். பேட்ஜை வேலையிடத்திலேயே கழற்றி மாட்டிவிட்டு வர வேண்டும் என்பது என் வகுப்பின் முதல் பாடம். நான் அதைச் சட்டையிலேயே மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தேன்.

விளக்கப் படிவத்தில், காரணம் ஒரு நோயாளி என்றால் அவருடைய கையெழுத்தும் கேட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் என் பொய் அவளுக்குத் தெரிந்துவிடும். போடாவிட்டால் செயற்கைக்கோள் பூமியிலேயே இருக்கும். பேட்ஜைக் கதிர்வீச்சு வரும் கோபால்ட் அறை மேசையில் மறந்து வைத்துவிட்டேன் என்று எழுதலாமா என்றுகூட யோசித்தேன். எழுதினால் அந்த அறையைப் பூட்டி எல்லாரையும் விசாரிப்பார்கள்.

உர்சுலாவிடம் படிவத்தை நீட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

“அன்னிக்கு ஒன்னுமே இல்லன்னு சொன்னீங்க.”

“ரொம்பக் கம்மிமா. ஒரு சிடி ஸ்கேன்ல வர்றதுல கால்வாசிகூட இல்ல.”

“நான் அத கேக்கல. கணக்குப் போட்டீங்களா, இல்லையா?”

“போட்டேன். விடைய மட்டும் உன்கிட்ட சொல்லல.”

“என்னால உங்களுக்கு ஒன்னு ஆயிருந்தா நான் என்ன பண்ணுவேன்? அதுக்குத்தானே கோடு போட்டேன்.”

பேனாவைக் கேட்டாள், கொடுத்தேன். கையெழுத்துப் போட்ட பிறகும் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தாள். எட்டிப் பார்க்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

மறுநாள் விஷ்ணுப்ரியா படிவத்தைப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் அவள் முகம் லேசாக மாறியது.

“‘மீண்டும் நடக்காமல் தடுக்க எடுத்த நடவடிக்கை’ன்னு ஒரு கட்டம் இருக்கே, அத நிரப்புனது யாரு டாக்டர்?”

“ஏன், என்ன எழுதியிருக்கு?”

“‘இனிமேல் கணக்கை நான் சரிபார்ப்பேன். பக்கத்தில் உட்கார வேண்டுமா என்று நானே சொல்வேன். உர்சுலா.’”

படிவத்துக்குக் கை நீட்டினேன்.

“அடிச்சிட்டு வேற எழுதித் தரவா?”

“வேணாம் டாக்டர். ஃபாரம் முழுக்க இது ஒன்னுதான் உருப்படியா இருக்கு.” முத்திரையைக் குத்தினாள். “வியாழன் காலைல ஒன்பது மணிக்கு வாங்க. அடுத்த மாசப் பாதுகாப்பு வகுப்பு மட்டும் நான் எடுக்குறேன். நீங்க வந்து உக்காந்து கேளுங்க.”