படத்துக்கும் ஒரு கைகுலுக்கல்

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் பிறந்தநாள் என்றால் நாற்காலிகள் வட்டமாகிவிடும். வருகிறவர் வட்டம் முழுக்கச் சுற்றி, பிறந்தநாள்காரருக்கு மட்டுமல்ல, அவர் அம்மா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோருக்கும் கை கொடுத்து வாழ்த்த வேண்டும். அப்புறம்தான் காபியும் கேக்கும்.

என் தங்கை ரின்ஸ்கேயின் மகள் ஃபென்னா, ஆறு வயதில் அப்படிச் சுற்றி வந்தவள், சுவரில் மாட்டியிருந்த, செத்துப்போன தாத்தாவின் படத்துக்கும் எக்கி நின்று கை நீட்டி, "வாழ்த்துகள் தாத்தா" என்றாள். வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதோடு விட்டிருக்கலாம். வருஷா வருஷம் அவள் சித்தப்பா வொப்பே அதை எடுத்துவிடுவார். எட்டு வயதில் ஃபென்னா தலையைக் குனிந்துகொண்டு கை கொடுத்தாள். பத்து வயதில் கோட்டு மாட்டும் நடையிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் யார் வீட்டுக்குக் கிளம்பினாலும் வயிற்றுவலி. "கூச்ச சுபாவம்" என்று அவளை வைத்துக்கொண்டே ரின்ஸ்கே எல்லோரிடமும் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று ஃபென்னாவுக்குப் பதின்மூன்று. முதல்முறையாக ஒரு தோழியை அழைத்திருந்தாள். மிலூ, புதுப் பள்ளியில் கிடைத்த ஒரே ஒருத்தி. காலையில் நான் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது ஃபென்னா தன் அம்மாவிடம் வந்து நின்றாள்.

"அம்மா, அந்தக் கதைய மட்டும் யாரும் சொல்லக் கூடாது. மிலூ வர்றா."

"சொல்ல மாட்டாங்கடி. சித்தப்பாகிட்ட நான் பேசிட்டேன்."

வொப்பே வாயைத் திறக்கவில்லைதான். காபிக் கோப்பையைச் சுவரில் இருந்த தாத்தா படத்தை நோக்கி உயர்த்திக் கண்ணடித்தார், அவ்வளவே. வட்டம் குலுங்கிச் சிரித்தது.

"என்னது? எனக்கும் சொல்லுங்களேன்" என்றாள் மிலூ.

"அதுவா, கேளு" என்று ஆரம்பித்தது ரின்ஸ்கே. பெற்ற தாய்! கையை நீட்டி, குரலைக் குழந்தையாக்கி, நடித்தே காட்டினாள்.

மிலூ விழுந்து விழுந்து சிரித்தாள். ஃபென்னா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். பிறகு தட்டை வைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

மிலூ கதவைத் தட்டினாள். "ஏய், செம க்யூட்டா இருந்துச்சுடி. வெளிய வாயேன்."

உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. மிலூவின் அப்பா வந்து அவளை அழைத்துப்போன பிறகும் ஓடியது.

தங்கையைச் சமையலறைக்கு இழுத்தேன். "காலையில அவகிட்ட என்னடி சொன்ன?"

"தமாஷுக்குத்தானே அக்கா! அவ எப்பவுமே இப்படித்தான். மனுஷங்களக் கண்டாலே ஆகாது."

எப்பவுமேவா? ஆறு வயதில் ஒருவரையும் விடாமல் கை கொடுத்த பெண் அவள். செத்தவரைக்கூட விடவில்லை.